காலுக்கு அடியில் ஒரு பந்தல்

என் அம்மாவுக்கும் எங்கள் வீட்டு அம்பாசடருக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் பேச்சுவார்த்தை கிடையாது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஈரோடு போவார். என் மொபெட்டில் ஒரு கையில் பை, ஒரு கையில் உயிர் என்று பின்னால் உட்கார்ந்து வருவார். தங்கை மாப்பிள்ளையின் மாருதியில் ஏசி போட்டுக்கொண்டு தூங்குவார். இந்தக் காரில் மட்டும் ஏற மாட்டார்.

‘அது கார் இல்ல சாமி, நெருப்புப் பொட்டி’ என்பார்.

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது.

1991 மாசி. பள்ளிபாளையம் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். சங்ககிரியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு வெப்படை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரோட்டில் கொள்ளுக் கொடி காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் இது சகஜம். களம் இல்லாதவர்களுக்குத் தார் ரோடுதான் களம், போகிற வருகிற லாரிதான் தாம்பு மாடு. அப்பா யோசிக்காமல் அதன் மேலேயே ஓட்டினார். எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவார்கள்.

அம்மா முன் சீட்டில், இடது பக்கம். எனக்குப் பன்னிரண்டு வயசு, பின்னால் ஜன்னலோரம். ஐந்து வயசுத் தங்கை முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில், கால் வைக்கிற இடத்தில், ஜமக்காளம் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்பாசடரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும், அதைவிட நல்ல படுக்கை உலகத்தில் கிடையாது. அடியில் இதமாக ஒரு சூடு இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ரெண்டு பர்லாங் போவதற்குள் தீய்ந்த வாடை. அப்புறம் தங்கையின் அலறல். அப்பா வண்டியை ஓரம் கட்டுவதற்குள் உள்ளே புகை. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து மண்ணை வாரிப் போட்டார்கள். ஒரு அம்மாள் குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார். தீ அணைந்தது. தங்கையின் பாவாடை ஓரம் கருகி, கெண்டைக்காலில் எட்டணா அளவுக்கு ஒரு தழும்பு. அது இன்றைக்கும் இருக்கிறது. பெங்களூரில் பெரிய கம்பெனியில் மேனேஜராக இருக்கிறாள், புடவை கட்டினால் தெரியாது.

நடந்தது என்ன என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. எஞ்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். கொடி அதில் சிக்கினால் பம்பரத்தில் சாட்டை சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் தள்ளி சைலன்ஸர் குழாய் போகிறது. சுற்றிய சுருள் தடித்துத் தடித்துக் குழாயைத் தொடும். காய்ந்த கொடிக்கு வேறு என்ன வேண்டும்? பற்றிய தீ மேலே நக்கியபோது எங்கள் காரின் தரைத் தகரத்தில் துரு அரித்த ஓட்டை ஒன்று இருந்தது. மேலே சணல் விரிப்பு. அதன் மேல் தங்கை.

கார் 1982 மாடல், மார்க் 4. பன்னிரண்டு தறியும் ஓயாமல் லுங்கி நெய்த ஒரு நல்ல வருஷத்தில், 1988-ல், அப்பா இரண்டாவது கையாக வாங்கினார். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் செய்ய ஆரம்பித்து, 2014 மே மாதம் நிறுத்தியது இந்துஸ்தான் மோட்டார்ஸ். 1489 சிசி பெட்ரோல் எஞ்ஜின். புகை வெளியேறும் மேனிஃபோல்டு எஞ்ஜினின் இடது பக்கம். அதாவது, நம் ஊரில் மனைவி உட்காருகிற பக்கம். அம்மா அந்தக் காரில் போகும்போதெல்லாம் ‘காலு சுடுது, காலு சுடுது’ என்று சொல்லிக்கொண்டே வருவார். அப்பாவுக்குச் சுடாது. ‘உனக்குத்தான் எல்லாம் சுடும்’ என்பார்.

தீப்பிடித்த மறு வாரம் ஒரு மெக்கானிக் சொன்னார் என்று அப்பா ஒரு வெள்ளை அட்டை வாங்கிவந்தார். ஆஸ்பெஸ்டாஸ் அட்டை. வாசலில் உட்கார்ந்து ரம்பத்தால் அளவுக்கு அறுத்து, தரைத் தகரத்தின் மேல் வைத்துத் திருகி, மேலே புது விரிப்பும் போட்டுவிட்டார். ‘இனிமேட்டு அடியில அடுப்பே எரிஞ்சாலும் தெரியாது, ஏறு’ என்றார். அம்மா ஏறவில்லை. அறுத்த தூசியைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, சமையல்கட்டுக்குள் போய்விட்டார். அந்தத் தூசியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2009-ல் அப்பா போனார். கார் தறிப் பட்டறையின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. எலி குட்டி போட்டது. பழைய இரும்புக்காரர் மாசம் ஒரு தடவை வந்து பாசத்தோடு விசாரித்துவிட்டுப் போவார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்கே கிறுக்கு என்று தெரிந்தே, அதை எடுத்துச் சரி செய்ய ஆரம்பித்தேன். அம்மாவுக்கு எழுபத்தாறு. ஒரே ஒரு தடவை அந்த இடது பக்கத்து சீட்டில் அவர் உட்கார வேண்டும். இன்னும் எத்தனை வருஷம் கழித்து?

சங்ககிரி ரோட்டில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை ஒன்று. அங்கே டிங்கர் மேஸ்திரி, அறுபதைத் தாண்டியவர். ‘கார் வேல நான் வுட்டு இருவது வருஷமாச்சுங்’ என்று பிகு பண்ணிக்கொண்டே ஒத்துக்கொண்டார். சீட்டைக் கழற்றி விரிப்பை உரித்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா வைத்த அட்டை முப்பது மழைக்காலத்துத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறிப்போய், அடியில் இருந்த தகரத்தை மேலிருந்தே அரித்திருந்தது. இடது பக்கம் தரை இடியாப்பம். காப்பாற்ற வைத்ததுதான் தின்றிருக்கிறது.

பட்டறைப் பையன் கிரைண்டரை எடுத்துக்கொண்டு வந்தான், அட்டையோடு சேர்த்துத் தகரத்தை வெட்ட. அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஆஸ்பெஸ்டாஸுக்கு நல்ல தமிழ்ப் பெயர் உண்டு, கல்நார். கல்லில் இருந்து கிடைக்கிற நார். எரியாது, மக்காது. பிரச்னையும் அதுதான். அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பறக்கும், நுரையீரலுக்குள் போனால் அங்கேயும் எரியாது, மக்காது. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலின் உறையைப் பிடிக்கிற மீஸோதெலியோமா என்ற புற்றுநோயும் வரலாம், இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து. நம் சுப்ரீம் கோர்ட் 1995 ஜனவரியில் கொடுத்த தீர்ப்பில், கல்நார் தொழிலாளிகளின் உடல்நலப் பதிவேட்டை, வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து 40 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றது அதனால்தான். ஐரோப்பிய யூனியன் 2005-ல் முழுக்கத் தடை செய்தது. அமெரிக்கா, இன்னும் புழக்கத்தில் இருந்த வெள்ளைக் கல்நாருக்கு 2024-ல்தான் தடை போட்டது. நம் நாட்டில் வெட்டி எடுப்பதை நிறுத்திவிட்டோம். இறக்குமதி செய்து கூரைத் தகடு போடுவதை நிறுத்தவில்லை. பள்ளிபாளையத்தில் முக்கால்வாசித் தறிப் பட்டறைக்கு அதுதான் கூரை. நான் வளர்ந்ததே அதன் நிழலில்தான்.

பழைய கார் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். தரை விரிப்புக்கு அடியில், சைலன்ஸர் குழாயைச் சுற்றி, பழைய பிரேக் லைனிங்கில், கேஸ்கட்டில், வெளுத்த நார் அட்டையோ கயிறோ இருந்தால் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், கிரைண்டர் வைக்காதீர்கள். நாங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஊறவைத்து, துண்டாக்காமல் முழுசாகத் தூக்கி, இரண்டு பிளாஸ்டிக் சாக்கில் போட்டுக் கட்டினோம். அப்புறம்தான் வேடிக்கை. எங்கே போடுவது? இப்படிப்பட்ட கழிவைப் புதைக்கிற இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, எங்கள் ஊரில் இருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு மூட்டை அட்டைக்காக அத்தனை தூரமா என்று சாக்கு இன்னும் பரண் மேலேயே இருக்கிறது. மேலே சிவப்புப் பெயின்டில் ‘தொடாதே’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அம்மா குனிந்து வெள்ளைத் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தார். 1991-ல் இருந்து எண்ணிப் பார்த்தேன். அந்த நாற்பது வருஷக் கணக்குக்குள்தான் வருகிறது.

‘எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவ செக்கப் பண்ணிக்கறாங்கம்மா’ என்று பொய் சொல்லி ஈரோட்டுக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ‘வருஷக்கணக்கா தினம் சுவாசிச்சவங்களுக்குத்தான் பெரிய ஆபத்து. ஒரு நாள் கூட்டுனதுக்கு ரொம்பப் பயப்படாதீங்க. ஆனா இருமல், மூச்சுத் திணறல்னு எப்ப வந்தாலும் இந்த விஷயத்தை மறக்காம டாக்டர்கிட்டச் சொல்லுங்க’ என்றார். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் அம்மா கேட்டார்: ‘அந்த அட்டைத் தூசிக்குத்தான கூட்டியாந்த?’

இந்த அம்மாக்களிடம் எதையும் மறைக்க முடியாது.

மேஸ்திரி புதுத் தரையை அடித்துப் பற்றவைத்து முடித்தார். இனி சூடு. என் மகன் ஆன்லைனில் ஒரு சுருள் வாங்கிவைத்திருந்தான். ஒரு பக்கம் வெள்ளித்தாள், ஒரு பக்கம் பிசின் தடவிய ரப்பர். ‘இதை அடியில ஒட்டிட்டா முடிஞ்சதுப்பா.’ அது காருக்கு உள்ளே அதிர்வையும் சத்தத்தையும் குறைக்கப் போடுகிற சமாச்சாரம். குழாய்க்கு மேலே, கீழ்ப்பக்கம் ஒட்டினால் பிசின் இளகும். இளகினால் என்ன என்கிறீர்களா? 2010-ல் ஃபெராரி 458 கார்கள் சில தீப்பிடித்து எரிந்தன. காரணம், பின் சக்கரத்து அறையில் ஹீட் ஷீல்டை ஒட்டியிருந்த பசை. சூட்டில் இளகி, தகடு நெளிந்து, பசையே பற்றிக்கொண்டது. 1,248 காரைத் திரும்பக் கூப்பிட்டு, பசையை எடுத்துவிட்டு இரும்பில் ஆணி, திருகு என்று மாட்டிக் கொடுத்தார்கள். இத்தாலிக்காரன் கோடி ரூபாய்க் காரில் செய்த தப்பை நான் பள்ளிபாளையத்தில் திரும்பச் செய்ய வேண்டுமா?

மேஸ்திரி ஃபெராரியைக் கேள்விப்பட்டதில்லை. அவர் என் தறிப் பட்டறையைக் காட்டினார்.

‘மேல சிமெண்ட் அட்ட போட்டிருக்கீங். அதுக்கு மேல எதுக்குங் தென்னங்கீத்துப் பந்தல்?’

‘வெயிலுக்கு.’

‘கீத்த அட்டையோட ஒட்டியா போட்டிருக்கீங்?’

‘இல்லை. ஒரு முழம் தூக்கி.’

‘அதேதானுங். அதயக் கவுத்துப் போட்டா காரு.’

இதற்கு மேல் ஒரு இயற்பியல் வாத்தியார் என்ன சொல்லிவிட முடியும்? குழாய் தரையைத் தொடுவதில்லை. சூரியன் கூரையைத் தொடுவதில்லை. சூடு கதிராகத்தான் வருகிறது. அந்தக் கதிரும் லேசுப்பட்டதில்லை, கந்துவட்டி மாதிரி. கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரண்டு மடங்கானால் கதிர் பதினாறு மடங்கு. ஸ்டெஃபான் என்ற ஆஸ்திரியர் 1879-ல் சொன்ன கணக்கு. பளபளப்பான அலுமினியம் அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். சேறு படிந்து மங்கிப்போனாலும், நடுவில் ஒரு தகடு நிற்பதாலேயே பாதிக்குப் பாதி குறையும். ஆனால் தகட்டுக்கும் தரைக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி வேண்டும். ஒட்டிவைத்தால் அது பந்தல் இல்லை, போர்வை. அப்பா போட்டது போர்வை.

ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. அது தொளதொளவென்று ஆடாமல் இருக்க மேஸ்திரி குறுக்கே வரி வரியாகத் தட்டி வரம்பு எடுத்தார். குழாய்க்கு மேல் குடை மாதிரி வளைத்தார். தரையில் இருந்து சுண்டுவிரல் நுழைகிற அளவு தள்ளி நிற்க, இரும்புக் குழாயில் சின்னச் சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்தார். போல்ட் போகிற ஓட்டையை வட்டமாகப் போடாமல் நீட்டமாகப் போட்டார். கேட்டதற்கு, ‘சூட்டுக்கு இது இரும்ப விட நீளுமுங். எடம் வுடலீனா முறுக்கிக்கும்’ என்றார். புத்தகத்தில் பார்த்தேன். நூறு டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் 2.3 மில்லிமீட்டர் நீளும், இரும்பு அதில் பாதி. அகலமான வாஷர் போட்டு முடுக்கினார்.

இந்த வாஷர் விஷயம் உங்கள் புதுக் காருக்கும் பொருந்தும். 1995 ஏப்ரலில் இருந்து நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் காருக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது, பிறகு நாடு முழுக்க. அது சைலன்ஸரை விடச் சுடுகிற சாமான் என்பதால் இந்தத் தகடுகளைக் கம்பெனியே வைத்து அனுப்புகிறது. நாலு வருஷத்தில் திருகு துருப்பிடித்து ‘கிணுகிணு’ என்று சத்தம் வரும். மெக்கானிக் பையன் ‘இது தேவையில்ல சார்’ என்று பிடுங்கிப் போட்டுவிடுவான், சத்தம் நின்றுவிடும், நீங்களும் சந்தோஷமாக நூறு ரூபாய் கொடுப்பீர்கள். கொடுக்காதீர்கள். பத்து ரூபாய்க்கு வாஷர் போடச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் சூடு பார்க்கிற துப்பாக்கி ஒன்று வாங்கினேன். தகடு மாட்டாமல் சங்ககிரி போய்த் திரும்பியதில் குழாய் 210 டிகிரி, இடது பக்கத் தரை 78. தகடு மாட்டிய பிறகு, அதே ரோடு, அதே வெயில், தரை 46. (பளபளப்பான தகட்டின் மேல் நேராகப் பிடித்தால் இந்தத் துப்பாக்கி பொய் சொல்லும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பார்க்க வேண்டும்.) சீட்டில் எழுதிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா சீட்டைப் பார்க்கவில்லை. ‘கொள்ளுக் கொடி சுத்துனா?’ என்றார்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். சொல்லியிருக்கலாம், ஒன்றும் ஆகாது என்று. அப்பா அப்படித்தான் சொன்னார். தகடு குழாய்க்கு மேலே இருக்கிறது. தரைக்கும் காலுக்கும் காவல். கீழே ஷாஃப்ட்டில் கொடி சுற்றிக் குழாயில் உரசினால் அதைத் தடுக்க அந்தத் தகட்டால் முடியாது. தீ உள்ளே வரக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

‘சுத்துனா பத்தும்மா. அதுக்கு இது ஒண்ணும் பண்ணாது. எறங்கிப் பாத்துப் புடுங்கணும்.’

அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். ‘உங்கப்பன் இதைச் சொல்லியிருந்தா நான் அப்பவே ஏறியிருப்பேன்’ என்றார்.

போன தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, திருச்செங்கோட்டுக்குக் கிளம்பினோம். அர்த்தநாரீஸ்வரர் மலைக்குப் படியேறினால் ஆயிரத்து இருநூறு சொச்சம் படி. அம்மா முழங்காலுக்கு ஆகாது. வண்டி மேலேயே போகும். இடது பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. ஒரு கை கதவுப் பிடியிலேயே இருந்தது.

பாதி வழியில், ஒரு வளைவு தாண்டியதும், ரோடு முழுக்கக் கொள்ளுக் கொடி.

நிறுத்தினேன். திருப்பிவிடலாமா என்று நினைத்தேன். பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்தது. அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். ‘நான் நடந்து அக்கட்டால வந்தர்றேன். நீ மெதுவா வா’ என்று சொல்லிவிட்டு, கொடியை மிதித்துக்கொண்டு, அங்கே கொடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் என்னவோ பேசிக்கொண்டே போனார். அந்தப் பெண் கவைக்கோலால் ஒரு ஓரத்தில் கொடியைத் தள்ளி வழி விட்டார். முதல் கியரில் ஊர்ந்து தாண்டினேன்.

தாண்டியதும் எஞ்ஜினை அணைத்து, துண்டை விரித்து ரோட்டில் மல்லாந்து படுத்தேன். அம்மா என் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு டார்ச் அடித்தார். ஷாஃப்ட்டின் மூட்டில் ஒரு கைப்பிடி கொடி சுற்றியிருந்தது. குச்சியால் இழுத்துக் கையால் பிடுங்கி வெளியே நீட்டினேன். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘இத்துனூண்டுதானா?’

‘இத்துனூண்டுதாம்மா.’

அதைத் தூரப் போடாமல் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டு வந்தார். அதில் நாலு காய் இருந்ததாம்.

மலையில் தரிசனம் ஆயிற்று. இறங்கி வரும்போது கதவுப் பிடியில் கை இல்லை. மடியில் பிரசாதம் இருந்தது. ஊருக்குள் நுழைகிற சமயத்தில் அம்மா குனிந்து, கட்டை விரலால் தரையில் ஒரு இடத்தை அழுத்திக் காட்டினார். கியர் குழாய்ப் பக்கம், தகடு நாலு விரக்கடை பத்தாமல் மேஸ்திரி நிறுத்திய மூலை.

‘இந்தா, இங்க மட்டும் இன்னும் சுடுது பாரு.’

திங்கட்கிழமை பட்டறைக்குப் போக வேண்டும்.